கண்ணும் நினைவும்

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். பல்லாண்டுகட்கு முன் நெய்த சேலையின் முந்தானையில் மயில் எப்பக்கம் நின்றது என்று நெசவாளர் ஒருவரை வினவினால், அவர் கண்கள் வெறுஞ்சுவரிற் சிறிது உலவுதல் கூடும். பின்னரே விடை வரும். சுவரில் ஒன்றும் இல்லை. எனின், கண் தேடியது யாது?

விழித்திரையின் நடுவிலுள்ள சிறு பகுதியே நுட்பமாகக் காண வல்லது. ஆதலின், ஒரு காட்சியைக் காணுங்கால் கண் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இடம் விட்டு இடம் தாவுகின்றது. கண்ட காட்சியை மனத்தில் நினைக்கும்போதும் அது பெரும்பாலும் அவ்வழியை ஒத்தே செல்கின்றது. இதனை 1997-ஆம் ஆண்டில் பிராண்டு, ஸ்டார்க்கு என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து காட்டினர். பொருள் முன்பு இருந்த வெற்றிடத்தை நோக்குதல் நினைவுக்குத் துணை செய்யும் என்பது 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வால் விளங்கிற்று.

வலப்புறம் மேல்நோக்குவோன் பொய்யன், இடப்புறம் நோக்குவோன் மெய்யன் என்று கூறுவாரும் உளர். இங்கிலாந்து நாட்டு அறிஞர் ரிச்சர்டு வைசுமன் முதலியோர் இதனைச் சோதித்து, சான்று ஏதும் இல்லை என 2012-இல் வெளியிட்டனர்.

ஆகவே, தான் கண்ட நாட்டுப்படத்தை நினைவுகூரும் மாணவன் மேலே நோக்கினால், “கூரையிலா எழுதியிருக்கிறது?” என்று கடிதல் முறையன்று. பார்வை ஒன்றையே கொண்டு ஒருவனைப் பொய்யன் எனத் துணிதல் அதனினும் தீது. சற்றுப் பொறுத்திருந்து, அவன் கூறும் விடையை ஆராய்ந்து தெளிதலே அறிவுடைமையாகும்.