அலுமாரிக்கு மேலே ஒரு கிற்றார்

ஊர்காவற்றுறைப் பக்கம் பழைய வீட்டைத் திருத்தும்போது சாக்கில் சுற்றிய கிற்றார் ஒன்று கிடைக்கலாம். பூசையில் வாசித்ததோ, கலியாண வீட்டுப் பைலாவுக்கு அடித்ததோ! உடனே தேங்காயெண்ணெய் பூசித் துடைக்க வேண்டாம்.

ஒலித்துளைக்குள் ரோச் அடியுங்கள். பின்பலகையின் உட்புறம் ஒட்டிய தாளில் பெயர், மாதிரி எண், செய்த நாடு இருக்கும். சிவப்புத் தாளில் ‘யமஹா எஃப்ஜி 180’ என்றிருந்தால், 1966 இல் தொடங்கிய யப்பான் வரிசையின் ஆரம்பகாலத்தது. தாளைக் கறையான் தின்றிருந்தால் துளையின் விளிம்பைப் பாருங்கள்: மேற்பலகையின் மரரேகை அப்படியே விளிம்பில் இறங்கினால் ஒரே பலகை, புத்தகத்தாள் போல அடுக்குத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

தலைப்பகுதியில் இரண்டு நீள்துளையும், தந்தி சுற்றத் தடித்த வெள்ளை உருளைகளும் இருந்தால் அநேகமாக அது நைலோன் தந்திக்கானது. இரும்புத் தந்தி ஏற்றினால் பாலம் பிய்ந்து வரும். நான் ஒன்றை அப்படிக் கெடுத்திருக்கிறேன்.

உப்புக்காற்றில் துருவேறிய தந்தியை இறுகியபடியே வெட்டாதீர்கள். முறுக்கைத் தளர்த்திவிட்டுக் கழற்றுங்கள். வெயிலில் காயப்போட்டால் பசை விடும். நெடுந்தீவிலிருந்து திருத்தக் கொண்டுபோவதானால், குறிகட்டுவான் வரும்வரை படகில் பொலித்தீன் சுற்றி மடியிலேயே வைத்திருங்கள்.