மூட்டையில் உள்ள மூன்று எண்கள்

(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை மாணவர்)



சிவில் படிக்கிறவன் சிமெண்டைப் பற்றி எழுதாமல் உரத்தைப் பற்றி எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது.

எங்கள் வீடு பூம்பாறைப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் தோட்டம். பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப்பூண்டு எல்லாம் அம்மா போடுவாங்க. வீட்டுச் செலவு போக மீதியை விற்று என் பரீட்சைக் கட்டணத்துக்குச் சேர்த்து வைப்பாங்க. ஒரு தடவை பீன்ஸ் நாலு இலை விட்ட சமயம், கடையில் காம்ப்ளக்ஸ் உரம் வாங்கி வந்து, "நல்லா வரட்டும்"னு செடிக்கு ஒரு கைப்பிடி வீதம் தண்டை ஒட்டிப் போட்டுட்டாங்க. நாலே நாளில் இலை ஓரமெல்லாம் கருகி, பாதிக்கு மேல் செத்துப்போச்சு. மூட்டையில் 17:17:17 என்று பெரிதாக அச்சடித்திருந்தது. எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நானும் அதைப் படிக்கவில்லை. அந்த வருத்தத்தில் தேடித் தெரிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

எண்களின் பொருள்

கான்கிரீட்டில் 1:2:4 என்றால் அது விகிதம். உர மூட்டையில் உள்ளது விகிதம் அல்ல, நூற்றுக்கு எத்தனை பங்கு என்ற கணக்கு. முதல் எண் தழைச்சத்து. இது இலையும் தண்டும் வளர உதவும். இரண்டாவது மணிச்சத்து. இது வேருக்கும் பூவுக்கும் காய்க்கும். மூன்றாவது சாம்பல்சத்து. இது கிழங்கு பருக்கவும் நோயைத் தாங்கவும். 17:17:17 உரம் 50 கிலோ வாங்கினால் ஒவ்வொரு சத்தும் எட்டரை கிலோ கிடைக்கும். யூரியாவில் தழைச்சத்து மட்டும் 46 பங்கு. சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 பங்கு. பொட்டாஷில் சாம்பல்சத்து 60 பங்கு. இந்த சூப்பர் பாஸ்பேட்டைத் தயாரிக்கும் தொழிற்சாலை 1906-லேயே நம் ராணிப்பேட்டையில் தொடங்கியது என்பது நாம் அறிய வேண்டிய செய்தி.

செடி ஏன் கருகியது?

ரசாயன உரம் ஒரு வகை உப்பு. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு வைத்தால் தண்ணீர் விடுகிறதல்லவா? அதேபோல் வேருக்குப் பக்கத்தில் உப்பு அதிகமானால், வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் இழந்துவிடும். ஆகவே உரத்தைத் தண்டிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, சிறு பள்ளம் பறித்துப் போட்டு, மண்ணால் மூடித் தண்ணீர் விட வேண்டும்.

நம் மலை மண்ணின் குணம்

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். இங்கே பெய்யும் மழை மண்ணில் உள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக் கொண்டு போய்விடும். அதனால் மண் புளித்து விடுகிறது. புளித்த மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துப் பூட்டி வைத்துக்கொள்ளும். நாம் எவ்வளவு போட்டாலும் செடிக்குச் சேராது. யூரியாவைத் தொடர்ந்து போட்டால் புளிப்பு இன்னும் ஏறும். முட்டைக்கோஸ் வேர் கட்டி கட்டியாக வீங்கும் நோய்க்கும் புளித்த மண்தான் வசதி.

இதற்கு மருந்து விவசாயச் சுண்ணாம்பு அல்லது டோலமைட். விதைப்பதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே தூவிக் கொத்திவிட வேண்டும். யூரியாவோடு சேர்த்துப் போடக்கூடாது. போட்டால் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடும். உருளைக்கிழங்கு போடும் பாத்திக்கு மட்டும் சுண்ணாம்பை அதிகமாகப் போடாதீர்கள், கிழங்கில் சொறி விழும். எவ்வளவு சுண்ணாம்பு என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். தோட்டத்தில் பல இடங்களில் அரை அடி ஆழம் தோண்டி மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ கொடுத்தால் போதும். கொடைக்கானலிலும் தடியன்குடிசையிலும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன, யோசனை கேட்கலாம்.

முதலில் எரு, பிறகு உரம்

காய்கறிக்குப் பொதுவாக ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம் சொல்வார்கள். அதாவது சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ, ஒரு சென்டுக்கு சுமார் 100 கிலோ. ஆட்டுச்சாணம் மாட்டுச்சாணத்தை விடச் சத்துள்ளது. எதுவானாலும் நன்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணம் போட்டால் கேரட் கவை விட்டு விடும். விறகடுப்புச் சாம்பலில் சாம்பல்சத்தும் உண்டு, புளிப்பைக் குறைக்கும் குணமும் உண்டு. பீன்ஸ் தன் வேர் முடிச்சில் காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும்; அதற்கு யூரியாவைக் கொட்டினால் கொடிதான் ஓடும், காய் குறையும்.

அளவுக் கணக்கு

உதாரணமாக ஹெக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்து என்று சிபாரிசு வந்தால், சென்டுக்கு 200 கிராம். அதை 46-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சுமார் 435 கிராம் யூரியா. ஒரு சென்டுக்கு அரை கிலோகூட வேண்டாம்! அதையும் இரண்டு, மூன்று தவணையாகப் போட வேண்டும். கனமழைக்கு முன் போட்டால் நம் காசு சரிவில் இறங்கி ஓடைக்குப் போகும். ஓடையிலும் ஏரியிலும் அது பாசியைத்தான் வளர்க்கும்.

முடிவுரை

உழுவதைவிட எருவிடுவது மேல் என்றும், நீர் பாய்ச்சுவதைவிடக் காவல் காப்பது மேல் என்றும் வள்ளுவர் சொன்னார். மூட்டையைப் படித்துவிட்டு எருவிடுவது அதனினும் மேல் என்பது என் தாழ்மையான கருத்து. இப்போது அம்மா உரம் வாங்கினால் முதலில் மூட்டையை என்னிடம் காட்டி, "என்ன நம்பர்டா போட்டிருக்கு?"ன்னு கேட்கிறாங்க. நண்பர்களே, உங்கள் வீட்டிலும் உர மூட்டை வந்தால் அதைப் படித்துச் சொல்லுங்கள். நாம் படித்த படிப்பு முதலில் நம் வீட்டுப் பாத்திக்குப் பயன்படட்டும்.