269 நகர்த்தல்கள்

வெற்றி தோல்வியின்றி முடிந்த சதுரங்க ஆட்டம் என்றவுடன், இருவரும் பொருதாமலே கைகுலுக்கிப் பிரிந்தனர் என எண்ணுவோர் உளர். அத்தகைய ஆட்டங்களும் இல்லாமலில்லை. ஆனால், 1989ஆம் ஆண்டு அன்றைய யுகோசுலாவியாவின் தலைநகரான பெல்கிரேடில் இவான் நிகோலிச்சும் கோரான் அர்சோவிச்சும் ஆடிய ஆட்டம் அவ்வகையினது அன்று. 20 மணி நேரத்திற்கும் மேலாக நீண்ட அவ்வாட்டம், 269 நகர்த்தல்களுக்குப் பின் சமநிலையில் முடிந்தது.

ஏறத்தாழ இறுதி 100 நகர்த்தல்களின்போது பலகையில் எஞ்சியிருந்தவை ஐந்து காய்களே. வெள்ளைக் காய்களுடன் ஆடிய நிகோலிச்சிடம் அரசன், நேர்கோட்டில் செல்லும் யானை, மூலைவிட்டமாகச் செல்லும் மந்திரி ஆகிய மூன்றும் இருந்தன. அர்சோவிச்சிடம் அரசனும் யானையும் மட்டுமே. பார்வைக்கு நிகோலிச்சே வலியர். எனினும், தற்காப்பவர் பிழை செய்யாதவரை இவ்விறுதிநிலையில் பெரும்பாலும் வெற்றி கிட்டாது. தேர்ந்த வீரர் எவரும் இதனை அறிவர்.

அறிந்தும் ஏன் தொடர்ந்தனர்? பிழை செய்யாதிருத்தல் அத்துணை எளிதன்று. தற்காப்பவரின் அரசன் சிறிது சிறிதாகப் பலகையின் விளிம்புக்குத் தள்ளப்படும். பகையரசன் நேரெதிரே வந்து நிற்கும். அந்நிலையில் யானையை ஒரு கட்டம் தவறி வைத்தாலும் ஆட்டம் முடிந்துவிடும். அத்தகைய நிலையொன்றில் வெல்லும் வழியைப் பிரெஞ்சு வீரர் பிலிடோர் 18ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து கூறியுள்ளார். தற்காப்பவர்க்கும் வழியுண்டு: பகைவரின் மந்திரி அதன் அரசனை மறைத்து நிற்கும்போது, அதனை யானையால் குறிவைத்தல். மந்திரி விலகினால் அரசன் தாக்குதலுக்கு உள்ளாகுமாதலின், அது கட்டுண்டு நிற்கும். சோர்வு மிக்க வேளையிலும் இத்தகைய நுட்பங்களை நழுவவிடாது காத்தலே தற்காப்பவரின் பணி. தாக்குபவர் பிழைத்தால் மீண்டும் முயலலாம். தற்காப்பவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை.

ஒருவரை எவ்வளவு நேரம் இவ்வாறு காக்கச் செய்யலாம்? காய் வெட்டப்படாமலும் காலாள் நகராமலும் 50 நகர்த்தல்கள் கடந்தால் சமநிலை கோரலாம் என்பது பொதுவிதி. சில நிலைகளில் வெல்வதற்கு 50 நகர்த்தல்கள் போதா எனக் கணினி ஆய்வு காட்டியதால், இவ்விறுதிநிலைக்கு மட்டும் அவ்வரம்பு அன்று 100ஆக உயர்த்தப்பட்டிருந்தது. ஆய்வுக்கு அது பொருந்தலாம். நாற்காலியில் அமர்ந்திருக்கும் மனிதர்க்குக் கடுமையான விதியே. பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு பின்னர் அதனை நீக்கியது. 2014 முதல், 75 நகர்த்தல்கள் கடந்துவிட்டால் எவரும் கோராமலே ஆட்டம் சமநிலையாகிறது. ஆகவே, பெல்கிரேடு ஆட்டத்தின் நீளத்தை எட்டுவது இன்று முன்னினும் அரிது.