பழங்காசின் மதிப்பு

மழைக்காலத்து வெள்ளம் வடிந்த பின் ஆற்று மணலில் நடந்து செல்வோர்க்குச் சில வேளைகளில் பழங்காசுகள் கிடைப்பதுண்டு. நிலத்தை உழுவோரும், கிணறு தோண்டுவோரும், பாழ்மனையின் சுவரை இடிப்போரும் இவற்றைக் கண்டெடுப்பர். காசு கையில் கிடைத்ததும் அவர்கள் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழும். ‘இஃது என்ன உலோகம்?’ என்பது ஒன்று. ‘இதற்கு என்ன விலை கிடைக்கும்?’ என்பது மற்றொன்று. இவை இயல்பான வினாக்களே. ஆயினும், இவ்விரண்டிற்கும் இடையே கேட்க வேண்டிய வினா வேறொன்று உண்டு. ‘இக்காசை வெளியிட்டவர் யார்?’ என்பதே அது. அதனைக் கேளாது விலை பேசியவர்களால் நாம் இழந்த வரலாற்றுச் செல்வம் மிகப் பெரிது.

முதலில் உலோகத்தை அறியும் வழியைக் காண்போம். பொன், எத்தனை நூற்றாண்டு மண்ணில் கிடந்தாலும் நிறம் மாறாது. வெள்ளி கறுத்துப்போகும். செம்பின்மீது பச்சைக் களிம்பு ஏறும். ஈயம் வெளிறிச் சாம்பல் நிறம் பெறும். ஆனால், நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்தல் ஆகாது. செம்பின்மேல் வெள்ளித் தகட்டைப் பொதிந்து, வெள்ளிக்காசு என மக்களை ஏமாற்றியோர் பண்டைக்காலத்திலும் இருந்தனர். பொற்கொல்லர் உரைகல்லில் உரைத்து மாற்றுக் காண்பர். அணிகலனுக்கு அம்முறை ஏற்றதே. காசை உரைத்தாலோ, அதன்மேல் உள்ள ஓர் எழுத்துத் தேய்ந்து மறையக்கூடும். தேய்ந்த எழுத்தை மீண்டும் பெற இயலாது.

காசுக்கு ஊறு நேராமல் அதன் உலோகத்தை ஆராய வேறு வழி உண்டு. ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் என்னும் கிரேக்க அறிஞர் கண்ட உண்மையே அதற்கு அடிப்படை. நீரில் மூழ்கிய பொருள், தன்னால் விலக்கப்பட்ட நீரின் எடையளவுக்கு எடை குறைந்து நிற்கும். மஞ்சள் நிறமுடைய காசு ஒன்று 7.2 கிராம் எடையுள்ளது எனக் கொள்வோம். அதனை மெல்லிய நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுக்கும்போது 6.4 கிராம் காட்டுகின்றது. குறைந்த எடை 0.8 கிராம். 7.2-ஐ 0.8-ஆல் வகுத்தால் 9 கிடைக்கும். தூய பொன்னுக்கு இவ்வெண் 19.3, ஈயத்திற்கு 11.3, வெள்ளிக்கு 10.5, செம்பிற்கு ஏறத்தாழ 8.9. எனவே, அக்காசு மஞ்சளாய் மின்னினும் பொற்காசு அன்று. பொன்முலாம் பூசிய செம்பாகவோ செம்பு மிகுந்த கலப்பு உலோகமாகவோ இருத்தல் வேண்டும்.

கலப்பு உலோகங்களில் இக்கணக்குத் தெளிவான விடை தருவதில்லை. சாதவாகன மன்னர் செம்பு, வெள்ளீயம், ஈயம் ஆகியவற்றைக் கலந்தும் காசுகள் வெளியிட்டனர். இத்தகைய காசுகளின் மேற்பரப்பில் எவ்வெவ் உலோகம் எவ்வளவு உள்ளது என்பதை இன்று ஊடுகதிர்க் கருவிகளைக் கொண்டு, சுரண்டாமலே கண்டறிகின்றனர்.

உலோகத்தை அறிந்தபின் காசு பிறந்த இடத்தை அறிதல் வேண்டும். இஃது அதனினும் அரிய பணி. கி. பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் வெளியிட்ட செப்புக்காசுகளில், ஒரு பக்கம் நிற்கும் மனித உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் உள்ளன. அமர்ந்த உருவத்தின் அருகே நாகரி எழுத்தில் மன்னன் பெயர் காணப்படும். பின்னர் இலங்கையை ஆண்ட பராக்கிரமபாகு முதலிய மன்னரும் இவ்வடிவையே பின்பற்றித் தம் காசுகளை அடித்தனர். உருவத்தை மட்டும் நோக்குவோர் அனைத்தையும் சோழர் காசு என்றே கூறிவிடுவர். பெயரைப் படிப்பவரே இரு நாடுகளையும் வேறுபிரித்து அறிவர்.

பெயரைப் படித்தும் தடுமாறிய காலம் உண்டு. ஒரு பக்கம் காளையும், அதன் கீழே தமிழில் ‘சேது’ என்னும் சொல்லும் பொறித்த செப்புக்காசுகள் கிடைத்தன. சேது என்றதும் இராமநாதபுரத்துச் சேதுபதிகளே நினைவிற்கு வருவர் அல்லவா? ஆய்வாளர் சிலரும் முதலில் அவ்வாறே கருதினர். பின்னர், சுவாமி ஞானப்பிரகாசர் முதலிய அறிஞர், அவை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் காசுகள் என எடுத்துக் காட்டினர். அக்காசுகள் எவ்விடத்தில் மிகுதியாகக் கிடைக்கின்றன என்பதும் இத்தகைய ஆராய்ச்சிக்குத் துணை செய்கின்றது. ஆகவே, கிடைத்த இடத்தைக் குறித்து வையாத காசு, தன் ஊரை மறந்த வழிப்போக்கனைப் போன்றது.

காசில் உள்ள குறைகளும் நமக்குச் செய்தி கூறும். 1898-ஆம் ஆண்டு புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காக்குறிச்சி என்னும் ஊரில் 501 உரோமானியப் பொற்காசுகள் புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின்மேல் உளியால் வெட்டிய தழும்பு உள்ளது. அக்காசுகள் மீண்டும் நாணயமாக வழங்காதிருக்கவே அவ்வாறு வெட்டினர் என்பர் ஆய்வாளர் சிலர். தழும்பைக் கண்ட வணிகன் விலையைக் குறைப்பான். வரலாற்று அறிஞரோ, கடல் கடந்து வந்த பொன்னை நம் நாட்டார் எவ்வாறு நடத்தினர் என்பதை அத்தழும்பிலேயே படிக்கின்றார்.

சங்க காலத் தமிழ் மன்னர் தம் பெயர் பொறித்த காசுகளை வெளியிட்டனரா என்னும் ஐயம் நெடுநாள் நிலவியது. 1980-களில் நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு சிறு சதுரச் செப்புக்காசை ஆராய்ந்து வெளியிட்டார். அதன் ஒரு பக்கத்தில் குதிரையும், தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்னும் பெயரும் இருந்தன. மறுபக்கத்தில் கோட்டுருவாக மீன்சின்னம் இருந்தது. வழுதி என்பது பாண்டியர்க்குரிய பெயர் என்பதை நாம் அறிவோம். கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து ‘மாக்கோதை’ எனச் சேரர் பெயர் பொறித்த வெள்ளிக்காசுகளும் கிடைத்தன. இவற்றால் அவ்வையம் நீங்கியது. எடைக்கு விற்றால் அச்செப்புக்காசுக்குக் கிடைக்கும் பொருள் மிகச் சிறிது. அதே காசு, ஒரு நாட்டின் வரலாற்றுக்குச் சான்றாக நின்றது.

ஆகவே, பழங்காசை மதிப்பிடுவோர் அதன் அருமை, எழுத்தின் தெளிவு, அதனால் விளங்கும் புதுச்செய்தி, கிடைத்த இடத்தின் குறிப்பு ஆகிய நான்கையும் நோக்குதல் வேண்டும். பழமை ஒன்றே விலையை உயர்த்தாது. இராசராசன் காசுகள் ஆயிரம் ஆண்டு பழமை உடையன. எனினும், மிகுதியாகக் கிடைப்பதால் அவற்றிற்குப் பெருவிலை இல்லை.

காசைக் கண்டெடுத்தோர் செய்யும் பெரும்பிழை, அதனைப் புளியிட்டுத் துலக்குவதே. களிம்போடு எழுத்தும் நீங்கிவிடும். பழமையின் அடையாளமும் அழியும். பாத்திரக் கடையில் எடைக்குப் போடுதல் அதனினும் கொடிது. உலையில் உருகிய காசுகளுள் எத்தனை வழுதியரின் பெயர்கள் இருந்தனவோ! புதையலைப் பற்றி நம் நாட்டில் 1878-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர் அதனை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வாயிலாக அறிவித்தல் வேண்டும்.

மாணவர்களே! நாளை உங்கள் ஊர் ஆற்றங்கரையிலோ வயல்வரப்பிலோ களிம்பேறிய வட்டத் துண்டு ஒன்று உங்கள் கைக்கு வரலாம். அதனைத் தேய்க்காதீர்கள். தாளில் பொதிந்து, கிடைத்த இடத்தையும் நாளையும் அத்தாளின்மேல் எழுதி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். ஒருவேளை அஃது எளிய செல்லாக்காசாகவே இருக்கலாம். ஒருவேளை, பெயர் மறைந்த மன்னன் ஒருவன் பல நூறு ஆண்டுகள் மண்ணுள் காத்திருந்து, முதன்முதல் உங்களிடமே தன் பெயரைச் சொல்ல வந்திருக்கலாம்.