பந்தியில் நமக்கும் ஓர் இலை
நாட்பட்ட குடல் அழற்சி நோயும் உறவு வாழ்வும்

காவிரிப் படுகையில் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதே நலம் விசாரிக்கும் முறை. வந்தவருக்கு இலை போட்டு, அவர் போதும் போதும் என்று கையை மறித்த பின்னும் ஒரு கரண்டி சோறு இடுவதே இம்மண்ணின் பண்பு. அத்தகைய ஊரில் ஒருவர் "எனக்கு வேண்டாம்" என்று சொன்னால், அவர் உணவை மறுக்கவில்லை, உறவையே மறுக்கிறார் என்று பிறர் எண்ணிவிடுகின்றனர். ஆகவே, நாட்பட்ட குடல் நோயுடன் வாழ்வோர்க்கு இரண்டு சுமைகள். ஒன்று நோய், மற்றொன்று அந்நோயை விளக்கிச் சொல்ல வேண்டிய நிலை. இரண்டாவது சுமைக்கு அஞ்சியே பலர் திருமணத்திற்கும் காதணி விழாவிற்கும் செல்வதை நிறுத்திவிடுகின்றனர். மருந்தால் குடல் ஆறிய பின்னும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகின்றனர். அவர்களுக்காகவும் அவர்களைப் பேணுவோர்க்காகவும் இப்பாடத்தை எழுதுகிறோம்.

நோயைப் பற்றி உறவினர் அறிய வேண்டியவை

குடல் அழற்சி நோய் என்று நாங்கள் கூறுவது முதன்மையாக இரண்டு நோய்களை. அல்சரேட்டிவ் கொலைடிஸ் எனப்படும் பெருங்குடல் புண்நோய் பெருங்குடலின் உட்படலத்தைத் தாக்குகிறது. 1932ஆம் ஆண்டு நியூயார்க் மருத்துவர் பர்ரில் க்ரோனும் அவருடைய உடன் பணியாளர் இருவரும் விவரித்த க்ரோன் நோயோ, வாய் முதல் ஆசனவாய் வரை எப்பகுதியிலும் தோன்றலாம். குடற்சுவரின் எல்லா அடுக்குகளையும் ஊடுருவலாம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் குடலின் மீதே பாய்வதால் இவை உண்டாகின்றன. மரபுக்கூறு, குடல்வாழ் நுண்ணுயிர்கள், சுற்றுச்சூழல் ஆகியவை இதில் பங்கு பெறுகின்றன.

இவற்றிலிருந்து உறவினர் மூன்று செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும். முதலாவது, இது தொற்றுநோய் அன்று. ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ பரவாது. இரண்டாவது, காரம் தின்றதாலோ, வேளை தவறி உண்டதாலோ இந்நோய் வந்துவிடவில்லை; ஆகையால் நோயுற்றவரைப் பழிக்க இடமில்லை. மூன்றாவது, வெளித்தோற்றத்தில் நலமாக இருப்பவர் உள்ளே கடும் சோர்வுடன் இருக்கலாம். "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்" என்னும் சொல் ஆறுதலாக அமைவதில்லை.

நம் நாட்டில் குடற்காசநோயும் க்ரோன் நோயைப் போலவே தோற்றமளிக்கும். இரண்டிற்கும் மருத்துவம் வேறு. எனவே உள்நோக்கிச் சோதனை, திசுச் சோதனை ஆகியவற்றின் வழி நோய் இன்னதென்று உறுதிப்படுத்திக்கொள்ளாமல், பிறருடைய மருந்துச் சீட்டையோ உணவுப் பட்டியலையோ பின்பற்றுதல் கூடாது.

சோறு பகையா?

"அரிசியை அறவே விட்டால் குடல் ஆறும் என்கிறார்களே?" என்பது எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. இக்கருத்தின் மூலம் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் உணவுமுறை. குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சீலியாக் நோய்க்கென அதை வகுத்தார். பின்னர் எலைன் காட்ஷால் எழுதிய நூலின் வழியாக அது குடல் அழற்சி நோயாளிகளிடையே பரவியது. அம்முறையில் அரிசி உள்ளிட்ட எல்லாத் தானியங்களும் விலக்கு.

இதனை மற்றோர் உணவுமுறையோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2021ஆம் ஆண்டு வெளியாயிற்று. மிதமான க்ரோன் நோயுடைய 194 பேரில் ஒரு பிரிவினர் தானியம் நீக்கிய உணவையும், மற்றொரு பிரிவினர் காய், கனி, தானியம், பருப்பு, மீன் நிறைந்த மத்தியதரைக்கடல் நாட்டு உணவையும் உண்டனர். ஆறு வார முடிவில் அறிகுறிகள் அடங்கியவர்கள் முதற் பிரிவில் 46.5 விழுக்காட்டினர்; இரண்டாம் பிரிவில் 43.5 விழுக்காட்டினர். இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. கடினமான விலக்கினால் கூடுதல் பயன் கிட்டவில்லை என்பதே இதிலிருந்து நாம் அறிவது. குழைய வடித்த சோறு பெரும்பாலோர்க்கு எளிதில் செரிக்கும் உணவாகும். அதை விட்டவர் உடல் எடையை இழப்பதோடு, வீட்டாருடன் அமர்ந்து உண்ணும் வாய்ப்பையும் இழக்கிறார்.

பழைய சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை மருத்துவர்கள் குடல் நோயில் பழைய சோற்றின் பயனை ஆராய முற்பட்டதும், தமிழ்நாடு அரசு அதற்கு நிதி வழங்கியதும் செய்தித்தாள்களில் வந்தன. ஒத்துக்கொள்பவர்கள் அதனை உண்ணலாம். ஆனால் காய்ச்சி ஆறிய நீரை ஊற்றி, மூடிவைத்து, மறுநாட் காலையிலேயே உண்டுவிட வேண்டும். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்கள் எங்களைக் கேட்ட பின்னரே உண்க. பழைய சோற்றை நம்பி மருந்தை நிறுத்துவது பெரும் தவறு.

கோதுமையைக் குறித்தும் ஐயம் எழுகிறது. கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தை வாழ்நாள் முழுதும் விலக்க வேண்டியவர்கள் சீலியாக் நோயாளிகள். 2016இல் வெளியான இந்திய ஆய்வில் இந்நோய் வடக்கே 1.23 விழுக்காடாகவும், தெற்கே 0.10 விழுக்காடாகவும் இருந்தது. அந்நோய் உறுதியானவர்கள், கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் மைதா கலந்திருக்கும் என்பதை மறவாது சாம்பாரையும் ரசத்தையும் கேட்டறிந்து உண்ண வேண்டும். ஏனையோர் சோதனையின்றிக் கோதுமையை விலக்கத் தேவையில்லை.

இரு காலங்களுக்கு இரு உணவு

நோய் அடங்கியிருக்கும் காலத்தில், குடலில் சுருக்கம் இல்லாதவர்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் உண்ணலாம். நோய் சீறும் காலத்தில் நார்ச்சத்தைக் குறைத்து, குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம், கஞ்சி, தோல் நீக்கிய பூசணி, சுரை, புடலை, கேரட், வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை உண்பது நலம். குடற் சுருக்கம் உடையவர்கள் வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைச் சக்கை, பனங்கிழங்கு, சோளம், நிலக்கடலை ஆகியவற்றை எக்காலத்தும் விலக்க வேண்டும், அடைப்பு நேரக்கூடும்.

பாலும் காப்பியும் ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு விதம். பால் உண்டால் வயிறு உப்புவோர்க்கும் மோரும் தயிரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். காப்பி குடலை விரைவாக இயங்கச் செய்யும். கும்பகோணம் டிகிரி காப்பியை விட மனமில்லாதவர்கள் வெறும் வயிற்றில் அருந்தாது, சிறு அளவில், வீட்டில் இருக்கும் வேளையில் அருந்திப் பார்க்கலாம்.

உண்டது, உண்ட நேரம், அதன்பின் உற்றது ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் நான்கு வாரங்கள் எழுதி வாருங்கள். பிறர் பட்டியலை விட உங்கள் குறிப்பேடே உங்களுக்கு உண்மையான வழிகாட்டி.

பந்தியில் அமரும் முறை

விருந்துக்குப் புறப்படுமுன் வீட்டில் சிறிதளவு உண்டு செல்லுங்கள். பசியுடன் சென்றால் கட்டுப்பாடு தளரும். கடைசிப் பந்தி வரை காத்திராமல் முதற் பந்தியிலேயே, வழியோரமாக உள்ள இருக்கையில் அமருங்கள். கழிப்பறை எங்குள்ளது என்பதை மண்டபத்துக்குள் நுழைந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் மனம் அமைதியாக இருக்கும்.

இலையில் பரிமாறுவதை எல்லாம் உண்ண வேண்டுமென்று விதி இல்லை. சோறு, சிறிது நெய், பருப்பு, தெளிந்த ரசம், பூசணிக் கூட்டு, மோர் ஆகியவை பெரும்பாலோர்க்குத் தீங்கு செய்வதில்லை. ஊறுகாய், வடை, அப்பளம், வறுவல், காரமான வத்தக்குழம்பு ஆகியவற்றைத் தொடாமல் விடலாம். ரசத்தில் மிளகு மிகுதியாயின் சோற்றை அதிகமாகப் பிசைந்துகொள்ளுங்கள். பாயசம் ஒரு கரண்டி போதும்.

வேண்டாம் என்று சொல்வதிலும் ஒரு முறை உண்டு. "டாக்டர் கூடாது என்கிறார்" என்று மட்டும் சொன்னால், "ஒரு நாளில் என்ன ஆகிவிடும்?" என்னும் வற்புறுத்தல் தொடரும். மாறாக, "அண்ணி, உங்கள் ரசம் அருமையாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ரசமே விடுங்கள், வடை வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். ஏற்பதை முன்னும் மறுப்பதைப் பின்னும் சொன்னால் பரிமாறுபவர் மனம் வருந்தாது. மிக நெருங்கிய வீடாயின் முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அவர்கள் உங்களுக்கெனத் தனிச் சமையல் செய்ய வேண்டியதில்லை. கூட்டில் மிளகாயைக் குறைத்தாலே போதும்.

விழாவும் நோன்பும் பயணமும்

ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரைக்குச் செல்லும் குடும்பங்கள் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம் எனக் கட்டிக்கொண்டு போவார்கள். நோயுற்றவருக்கும் அதே கூடையிலிருந்து, நிலக்கடலையும் கடலைப்பருப்பும் சேர்க்காத எலுமிச்சைச் சாதமும் தயிர்ச்சாதமும் எடுத்து வைத்தால் அவர் தனித்து உண்ண வேண்டியதில்லை. பொங்கலில் கரும்பைச் சுவைத்துச் சாற்றை மட்டும் விழுங்கலாம். கூட்டுக் குழம்பில் மொச்சையின் தோலை நீக்கி உண்ணலாம்.

விரதம் இருக்க விரும்புவோர் நோய் அடங்கியிருக்கும் காலத்தில், மருந்து வேளைகளை எங்களுடன் பேசி மாற்றிக்கொண்ட பின் இருக்கலாம். நோயாளிக்கு நோன்பில் விலக்களிப்பதை இசுலாம் ஏற்கிறது. நோற்க இயன்றவர்களுக்கு, காரம் குறைத்த நோன்புக் கஞ்சி நோன்பு திறக்க ஏற்ற உணவே. வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோர் வழியில் தரப்படும் பனிக்கட்டி கலந்த மோரையும் பானகத்தையும் தவிர்த்து, கொண்டு சென்ற நீரையே பருகுக. வயிற்றுப்போக்குக் கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் அருந்த வேண்டும். பொட்டலம் கிட்டாவிடில், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், குவிக்காமல் தலை தட்டி அளந்து, கரைத்துக்கொள்ளலாம்.

தொலைவான பயணத்திற்குப் பேருந்தைவிடக் கழிப்பறையுள்ள இரயில் பெட்டியே ஏற்றது. மாற்றுடை, நீர், மருந்து ஆகியவற்றை ஒரு சிறு பையில் எப்போதும் ஆயத்தமாக வைத்திருங்கள். உடல் வலிக்கென்று கடையில் தாமாக வாங்கி உண்ணும் வலி மாத்திரைகள் நோயைக் கிளறிவிடக்கூடும், அவற்றைத் தவிர்க்கவும். புகைப்பழக்கம் க்ரோன் நோயைக் கடுமையாக்கும்.

வயலும் பள்ளியும் மணவாழ்வும்

நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்களின் இடர் மற்றெவரும் அறியாதது. வயல்வெளியில் கழிப்பறை இல்லை என்பதற்காகக் காலை முதல் உண்ணாமலும் நீர் பருகாமலும் வேலை செய்வோர் உண்டு. இதனால் நீரிழப்பும் மயக்கமும் நேரும். காலைக்கடன் முடித்து, கஞ்சி குடித்து, வீட்டிற்கு அருகிலுள்ள வயலில் வேலை கேட்டுப் பெறுங்கள். உடன் செல்லும் பெண்களில் ஒருவரிடமேனும் நோயைச் சொல்லி வையுங்கள். மாணவர்க்குப் பாடவேளையில் அனுமதி கேளாமலே வெளியே செல்ல இசைவு தரும்படி தலைமையாசிரியருக்குக் கடிதம் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

திருமணப் பேச்சின்போது நோயை மறைக்கலாமா என்று பெற்றோர் கேட்கின்றனர். மறைத்தால், மணமான பின் மருந்தையும் மறைக்க நேரும்; மருந்து தவறினால் நோய் சீறும். எனவே முன்கூட்டியே சொல்வதே நல்லது. விரும்பினால் இரு வீட்டாரையும் அழைத்து வாருங்கள், நாங்கள் விளக்குவோம். நோய் அடங்கியிருக்கையில் பெரும்பாலோர் கருவுற்று நலமாகப் பிள்ளை பெறுகின்றனர். பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வருவதில்லை. மெத்தோட்ரெக்சேட் போன்ற சில மருந்துகளைக் கருத்தரிப்புக்குப் பல மாதங்கள் முன்பே மாற்ற வேண்டும். ஆனால் எம்மருந்தையும் தாமாக நிறுத்தலாகாது.

உடனிருப்போர்க்கு

நோயுற்றவரின் ஒவ்வொரு கவளத்தையும் கண்காணிக்க வேண்டாம். பந்தியில் எல்லோர் முன்னும் "அதைத் தின்னாதே" என்று சொல்வது, தின்பதைவிடத் துன்பம் தரும். அவருக்கெனத் தனிப் பாத்திரம் வைப்பதைவிட, வாரம் இருமுறை வீட்டார் அனைவரும் அவருக்கேற்ற உணவையே உண்ணுங்கள். அவர் விழாவிலிருந்து இடையில் எழுந்து சென்றால் காரணம் கேட்காமல் உடன் செல்லுங்கள்.

மலத்தில் இரத்தம், காய்ச்சல், விடாத வாந்தி, வயிறு உப்பிக் காற்றும் பிரியாமை, இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு, விரைவான எடைக்குறைவு ஆகியவற்றில் எது கண்டாலும் விழா முடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது உணவுக் குறிப்பேட்டுடன், வரும் மாதங்களில் உங்கள் குடும்பத்தில் நடக்கவிருக்கும் விழாக்களின் நாட்களையும் எழுதி வாருங்கள். அவற்றுக்குச் செல்லும் வழியை இருவரும் அமர்ந்து வகுப்போம்.