பாலிமர்ப் பரப்புச் செயலிகளின் மூலக்கூறு அமைப்பு

சேம்பு இலையில் விழுந்த நீர் முத்துப்போல் திரண்டு உருண்டோடுவதை மாணவர் யாவரும் கண்டிருப்பர். 25° சென்டிகிரேடில் தூய நீரின் பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்கு 72 டைன் ஆகும். இவ்விசையைக் குறைத்து நீரைப் பரவச் செய்யும் பொருள்கள் பரப்புச் செயலிகள் எனப்படும். சோப்பு இவ்வகையினது, அதன் சிறு மூலக்கூற்றின் ஒரு முனை நீரை நாடும், மறு முனை நீரை விலக்கும். பாலிமர்ச் செயலிகளில் இவ்விரு பகுதிகளும் நீண்ட தொடர்களாக அமைந்துள்ளன.

போலாக்சமர் என்னும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இதன் நடுவே நீரை விலக்கும் புரோப்பிலீன் ஆக்சைடுத் தொடரும், இருபுறமும் நீரை நாடும் எத்திலீன் ஆக்சைடுத் தொடர்களும் உள்ளன. அலகுக்கு அலகு ஒப்பிட்டால், இவற்றிடையே உள்ள வேறுபாடு ஒரு மெதைல் தொகுதியே. இப்பொருள்களின் பெயரிலேயே அமைப்பு அடங்கியுள்ளது. எண்ணின் முதலிரு இலக்கங்களை நூறால் பெருக்கினால் நடுத்தொடரின் மூலக்கூறு எடையும், இறுதி இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் எத்திலீன் ஆக்சைடின் சதவீதமும் ஏறத்தாழக் கிடைக்கும்.

இனி 181, 184, 188 ஆகிய மூன்றையும் ஒப்பிடுக. மூன்றிலும் நடுத்தொடர் ஒன்றே. அதன் எடை 1,800. நீரை நாடும் பகுதி மட்டும் முறையே 10, 40, 80 சதவீதம். ஆயினும் இவற்றின் செயல்கள் பெரிதும் மாறுபடுகின்றன. 188-இன் 1 சதவீதக் கரைசல் 100° வரையிலும் தெளிவாகவே இருக்கும். நீரை அது மிகுதியாக நாடுவதால் பரப்பில் செறிவது குறைவு, 0.1 சதவீதக் கரைசலின் இழுவிசை ஏறத்தாழ 50 டைன். 184-இன் கரைசலிலோ அது 43 டைன் அளவிற்கு இறங்குகிறது. 181-இன் கரைசல் ஏறத்தாழ 24°யிலேயே கலங்கிவிடும். சூடேறும்போது நீருக்கும் தொடருக்கும் இடையேயுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்வதே இதற்குக் காரணம். அவ்வாறு பிரிந்த நுண்துளிகள் நுரையின் சவ்வினுட் புகுந்து அதனை உடைக்கின்றன. ஆதலின் 181 நுரையடக்கியாகப் பயன்படுகிறது.

அலகுகளின் வரிசையும் முக்கியமே. அதே அலகுகளை ஒழுங்கின்றிக் கலந்து கோத்தால், இருவேறு பகுதிகள் என்ற நிலை மறைந்து, மூலக்கூறுகள் திரளும் திறன் பெரிதும் குன்றும்.

இச்செய்தி ஏட்டளவில் நிற்பதன்று. பச்சைக் குதிரை மசாலை மிகுதியாக மேய்ந்த மாட்டின் வயிற்றில் வாயு நுரையாகச் சிறைப்பட்டு, உயிருக்கே ஆபத்து நேர்வதுண்டு. அந்நுரையை உடைக்கக் கால்நடை மருத்துவத்தில் வழங்கும் போலாக்சலீன் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. குடும்பம் ஒன்றாயினும் ஒன்றிற்கு மற்றொன்று ஈடாகாது. எனவே களப் பணியாளர்கள் பொதுப்பெயரை மட்டும் நம்பி மாற்றுப் பொருளைப் பரிந்துரைத்தல் கூடாது. அமைப்பையும் அளவையும் அறிந்து, மருத்துவரின் அறிவுரைப்படியே செயற்படுதல் வேண்டும்.