டெக் சப்போர்ட்டிலிருந்து தகவல் பாதுகாப்புக்கு

கேள்வி: அப்பா தேசூரில் பட்டு நெய்கிறார். நான் சென்னையில் டெக் சப்போர்ட். தகவல் பாதுகாப்புத் துறைக்கு மாற முடியுமா?

பதில்: தாராளமாக. 2023-ல் லாஸ் வேகஸின் எம்.ஜி.எம். ஹோட்டல் குழுமத்தின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், ஊழியரைப்போல ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் போட்டு ஏமாற்றியதாகச் செய்திகள் வந்தன. அப்படிப்பட்ட போனை எடுப்பவர் நீங்கள்தான். 'அக்கவுன்ட் லாக் ஆகிவிட்டது' என்று புகார் வந்தால், திறந்துவிட்டு அடுத்த டிக்கெட்டுக்கு ஓடாதீர்கள். விண்டோஸ் செக்யூரிட்டி லாகில் (நிகழ்வுப் பதிவில்) 4625 என்ற எண்ணைத் தேடுங்கள். தோற்றுப்போன லாகின் முயற்சி அது. ஒரே முகவரியிலிருந்து பலர் பெயரில் வரிசையாக வந்திருந்தால், யாரோ பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கிறார்கள் என்று சந்தேகியுங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஆணைப்படி, தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அந்த அமைப்புக்குச் சொல்ல வேண்டும். அதற்கு லாக் படிக்கத் தெரிந்தவர்கள் தேவை. நெட்வொர்க்கிங், லினக்ஸ் அடிப்படைகளை வீட்டிலேயே பழகலாம். லட்சக்கணக்கில் கேட்கும் பயிற்சி மையத்துக்கு அப்பாவின் தறிப்பணத்தைக் கொடுக்காதீர்கள். முதலில் உங்கள் அலுவலகப் பாதுகாப்புக் குழுவிடம் வாய்ப்புக் கேளுங்கள்.